ஊர்காவற்றுறையும் வன்னி யானைகளும்

யாழ்ப்பாணப் பட்டினத்தை அடுத்த கடல் ஆழமற்றது. பெருங்கலங்கள் அதனை அணுகுதல் அரிது. ஆதலின் வேலணைத் தீவின் வடமேற்கு மூலையிலுள்ள ஊர்காவற்றுறை என்னுஞ் சிற்றூரே பட்டினத்துக்கு நெடுங்காலம் கடல்வாயிலாய் விளங்கிற்று.

இவ்வூரின் பழம்பெயர் ஊராத்துறை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கலங்கள் கட்டுவித்த துறைகளுள் இதுவும் ஒன்றெனத் திருவாலங்காட்டுச் சோழர் கல்வெட்டுக் கூறும். அம்மன்னனே நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம் இதனினும் அரியது. பிறநாட்டார் ஊராத்துறையிலேயே வந்திறங்க வேண்டும். யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்றும் உடையவனுக்கு. பிற சரக்குக் கலமாயின் செம்பாதி என்பது அதன் ஆணை. சரக்கிற் பாதியைக் கவரும் அரசு யானைக்கும் குதிரைக்கும் இத்துணைச் சலுகை காட்டியது வணிகர்மீது கொண்ட அருளாலன்று. படைக்கு வேண்டிய அவ்விலங்குகள் வேறு துறையை நாடாதிருத்தற் பொருட்டேயாம்.

1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் காலத்தில் யானை ஏற்றுமதியே இத்துறையின் பெருந்தொழிலாயிற்று. துறைமேடையைக் குறிக்கும் அவர்தஞ் சொல்லே 'கயிற்ஸ்' என மருவி ஆங்கில வழக்கில் இவ்வூர்ப் பெயராய் நிலைத்தது. யானைகளோ வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்டவை. இன்றைய பரந்தனுக்குச் சற்று வடக்கே ஆழங்குறைந்த பரவைக் கடலை அவை கடந்தமையின் அவ்விடம் ஆனையிறவு எனப்பட்டது.

1658இல் ஒல்லாந்தர் வந்தபின்னரும் வன்னியர் யானைகளையே திறையாகச் செலுத்தவேண்டியிருந்தது. கோல்கொண்டா முதலிய நாட்டு வணிகர் அவற்றை விலைகொடுத்து வாங்கினர். திறை ஒருபோதும் ஒழுங்காக வந்ததில்லை. நிலுவை பற்றிய முறைப்பாடு ஒல்லாந்தர் ஏடுகளில் ஓயாது ஒலிக்கின்றது. அவர்கள் அதனைச் சோம்பலென்றும் வஞ்சகமென்றும் எண்ணினர். காட்டில் உயிரைப் பணயம்வைத்து யானை பிடித்தவன் பக்கத்து நியாயத்தை எழுதிவைப்பார் அங்கு எவருமிலர். 1782இல் ஒல்லாந்தர் படைகொண்டு வன்னியை அடக்கினர். ஆயினும் 13 ஆண்டுகளுள் அவர்தம் ஆட்சியே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலேயர் கைப்பட்டது.

துறைமுகத்தின் நடுவே நீராற் சூழப்பட்ட கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். ஒல்லாந்தர் அதற்குப் பன்றித்தொடையின் குதிகால் எனப் பொருள்படும் 'அம்மன்கீல்' என்ற பெயரை இட்டனர். பாளி நூலாரும் இத்துறையைச் 'சூகரதித்தம்', அதாவது பன்றித்துறை, என்றே வழங்கினர். பன்றி இவ்வூரை எளிதில் விட்டபாடில்லை போலும்.

யானை வாணிகம் குன்றியபின் பாய்க்கப்பல்கள் சிலகாலம் இத்துறையைத் தாங்கின. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றதும், ஆனையிறவு வழியே முன்னர் யானைகள் வடக்கே சென்றவாறு இப்போது கொழும்புச் சரக்குச் செல்லலாயிற்று; கடல்வாயிலின் தேவை சுருங்கிற்று. 1990இல் மூண்ட போரிற் குடிகளும் பெருவாரியாக இடம்பெயர்ந்தனர். கோட்டை இன்று கடற்படையினர் நடத்தும் விடுதி. பராக்கிரமபாகுவின் கல் மட்டும் நயினாதீவு அம்மன் கோயிலில் இருக்கின்றது.