கல்லாகிப்போன சங்குக்குப் பெயர் வைத்தவர்கள்

கருடமங்கலத்துக் கல்லை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? திருச்சிக்கு வடகிழக்கே, பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள சிற்றூர் அது. அங்குக் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லை மெருகேற்றினால் உள்ளே நெருக்கமாகப் பதிந்திருக்கும் சங்குகளும் சிப்பிகளும் பளிச்சென்று தெரியும். 'திருச்சிராப்பள்ளிப் பளிங்கு' என்ற பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்யப் பயன்பட்ட கல் இதுதான்.

கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் அந்தப் பகுதி வரை உட்புகுந்திருந்தது. கடல் பின்வாங்கிப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதில் வாழ்ந்த நத்தைகளின் ஓடுகள் பாறையில் தங்கிவிட்டன. அவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரிகளாக இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் 1840-களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் இத்தகைய புதைபடிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் விவரித்தார். இரண்டு சோழிகளுக்கு 'சைப்ரியா கேயி', 'சைப்ரியா கன்லிஃபி' என்று பெயரிட்டு, திரட்டியவர்களுக்கு நன்றி செலுத்தினார். இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை.

பின்னர் எச். எஃப். பிளான்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் இப்பாறைகளை முறையாக அளவிட்டார்கள்; 1862-இல் அறிக்கை வெளிவந்தது. அவர்கள் கொண்டுவந்த சங்குகள் கல்கத்தாவில் குவிந்தன. அவற்றை ஆராயும் பணி, அதே ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவிடம் வந்தது. மொராவியாவில் (இன்றைய செக் நாட்டில்) பிறந்த அவருக்கு அப்போது வயது 24.

இளைஞர்தான், ஆனால் ஒரு பாடத்தை முன்பே கற்றிருந்தார். ஆஸ்திரியாவின் கோசாவ் பாறைகளிலிருந்து செக்கெலி என்பவர் 1852-இல் ஏராளமான நத்தை இனங்களை விவரித்திருந்தார். மறு ஆண்டே ராய்ஸ் என்ற அறிஞர் அவற்றைக் கடுமையாக விமர்சித்தார். 1865-இல் வெளியான மறு ஆய்வில் ஸ்டோலிச்காவும் அப்பட்டியலைச் சுருக்கினார். தவறு எங்கே நேர்கிறது என்று பாருங்கள். இளம் நத்தையின் ஓடும் முதிர்ந்த நத்தையின் ஓடும் ஒரே மாதிரி இரா. அலையில் தேய்ந்த ஓட்டில் வரிகள் அழிந்திருக்கும். பாறையின் அழுத்தத்தில் நசுங்கிய கூம்பு வேறு வடிவம் கொள்ளும். இந்த மூன்றையும் கழித்த பின்னும் வேறுபாடு நிற்குமானால்தான் 'புதிய இனம்' என்று சொல்லலாம்.

அந்தக் கண்டிப்போடுதான் அவர் நம் சங்குகளை அணுகினார். சுருள்கள் எத்தனை, வாய் எப்படி வளைகிறது, மேற்பரப்பில் முடிச்சுகள் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐரோப்பியப் புதைபடிவங்களோடும் இன்று உயிர்வாழும் நத்தைகளோடும் ஒப்பிட்டார். கோசாவ் நத்தை ஒன்றுக்காக அவர் உருவாக்கிய 'கோசாவியா' பேரினம் தென்னிந்தியப் பாறைகளிலும் இடம்பெற்றது. ஆல்ப்ஸ் மலையிலும் திருச்சியிலும் உறவினர்! தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் நத்தைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1867-68-இல் வெளிவந்தது.

பெயர் வைத்ததோடு வேலை முடிந்துவிடாது. அந்தப் பெயர் எந்த ஓட்டைக் குறிக்கிறதோ அந்த ஓட்டைப் பாதுகாக்க வேண்டும். அதை மூலமாதிரி என்பார்கள். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்குப் பாரிஸ் அருகே வைத்திருந்த கிலோகிராம் உருளைதான் நினைவுக்கு வருகிறது. உலகின் எடைக்கற்களுக்கெல்லாம் அதுவே ஆதாரம். 2019-இல் நாங்கள் அதை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்துக்கொண்டோம். சங்குக்கு அப்படி ஒரு மாறிலி கிடையாது. ஃபோர்ப்ஸ் காலத்தில் ஒரே ஓட்டைத்தான் மூலமாதிரியாகக் குறிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. 1999-க்குப் பின் வெளியிடப்படும் புதிய இனங்களுக்கு மூலமாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

சிப்பிகள் முதலிய மற்ற உயிரினங்களைப் பற்றியும் ஸ்டோலிச்கா தொடர்ந்து எழுதி, 1873-இல் வரிசையை நிறைவு செய்தார். மறு ஆண்டு, யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் ஜூன் 19-ஆம் நாள் இறந்தார். வயது 36.

இன்று அரியலூரில் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லை வெட்டுகிறார்கள். அந்தச் சுரங்கத்தில் உங்கள் கையில் ஒரு சங்கு அகப்பட்டு, அது புதிய இனமோ என்ற ஐயம் எழுந்தால், கொல்கத்தாவில் இருக்கும் ஸ்டோலிச்காவின் ஓடுகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.