உயிலும் பங்காளி உரிமையும்: இறப்புக்கு முந்திய ஏற்பாடுகளின் வரலாறு

‘உயில்’ என்னும் சொல் உயிரோடு தொடர்புடையது போலத் தோன்றினும், அஃது ஆங்கில ‘வில்’ என்பதன் தமிழ் வடிவமேயாகும். ‘மரண சாசனம்’ என்னும் தொடரும் அதனுடன் வழங்கி வந்தது; ஆவணங்களில் ‘உயில் சாசனம்’ என இரண்டும் கலந்து வருதலும் உண்டு. கடன்சொல் வந்த இடமெல்லாம் பொருளும் புதிது என்று கொள்ளுதல் தவறு. ஆயினும் இங்குச் சொல்லோடு பொருளும் புதிதாகவே வந்தது. இறந்தபின் தன் உடைமை இன்னார்க்குச் சேர வேண்டும் என ஒருவன் எழுதிவைக்கும் முறை இந்து சமூகத்தில் முன்பு ஏன் தேவைப்படவில்லை, பின்பு ஏன் தேவைப்பட்டது, தேவைப்பட்டவர்க்கு அது நெடுங்காலம் ஏன் கைகூடவில்லை என்பன இக்கட்டுரையில் ஆராயப்பெறுகின்றன.

பழைய தருமநூல்களில் உயிலுக்கு நேரான ஏற்பாடு இல்லை. தந்தை தன் வாழ்நாளிலேயே மக்களுக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கலாம் என்பது யாக்ஞவல்கியர் முதலியோர் கூறும் நெறி. உயிலின் சாயல் உடையதாகக் காத்தியாயனர் கூற்று ஒன்றைச் சுட்டலாம். நலத்தோடு இருக்கையிலோ நோயுற்ற நிலையிலோ அறத்தின்பொருட்டுக் கொடுப்பதாகச் சொல்லிய பொருளைக் கொடாமல் ஒருவன் இறந்துவிடின், அதனை அவன் மகன் கொடுக்கும்படி செய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இங்கும் இறந்தவனது விருப்பம் தானே செல்லுபடியாவதில்லை. அது மகனுக்குக் கடனாக மாறியே நிறைவேறுகிறது.

குடும்பமே உடைமைக்கு உரியதாக இருந்த காலத்தில் திடீர் இறப்பு சொத்துச் சிக்கலை விளைவிக்கவில்லை. கி.பி. 1100ஐ ஒட்டி விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரத்தின்படி, மகன் பிறக்கும்போதே குடும்பச் சொத்தில் உரிமை பெறுகின்றான். பங்காளி ஒருவன் பிரியாமல் இறந்தால் அவன் பங்கு எஞ்சியுள்ள பங்காளிகளையே சாரும். கைம்பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு, பங்கு இல்லை. வங்காளத்தில் வழங்கிய ஜீமூதவாகனரின் தாயபாகமோ, ஒவ்வொருவன் பங்கும் அவனுக்கே உரியது என்றது. இந்த ஒரு வேறுபாடே பின்னர் கல்கத்தாவையும் சென்னையையும் வெவ்வேறு வழியில் செலுத்தியது.

இந்துக்கள் எழுதிய உயில்களுள் மிக முந்தியதாக அறியப்படுவது 1758இல் இறந்த கல்கத்தா வணிகர் உமிசந்துடையது. 1757இல் இராபர்ட் கிளைவின் பொய் உடன்படிக்கையால் ஏமாற்றப்பட்டவர் இவரே. அவர் இலண்டன் நகரின் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்திற்கும் கொடை எழுதி வைத்தது வியப்பிற்குரியது. ஆங்கிலேயரோடு வாணிகம் செய்தவர்கள் அவர்கள் நீதிமன்றத்தையும் அதன் ஆவண முறைகளையும் உடன் ஏற்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

வங்காளத்தில் உயில் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைப் பிரசன்னகுமார் தாகூர் வழக்கு காட்டியது. அவர் மகன் ஞானேந்திரமோகன் 1851இல் கிறித்தவரானார். 1862இல் எழுதிய உயிலில் தந்தை அவருக்கு ஒன்றும் வைக்கவில்லை. உறவினர் ஜதீந்திரமோகனுக்கு வாழ்நாள் அனுபவமும், அவருக்குப்பின் இனிப் பிறக்கவிருப்போர்க்கு வழிவழியாக உரிமையும் எழுதிவைத்தார். 1868இல் தாகூர் இறந்தார். 1872இல் பிரிவி கவுன்சில், இந்துச் சட்டத்தில் கொடை பெறுபவன் உயிலெழுதியவன் இறக்கும்போது உயிரோடு இருத்தல் வேண்டும் எனக் கூறி, பிறவாதார்க்கு எழுதியதைத் தள்ளியது. ஜதீந்திரமோகனின் வாழ்நாள் அனுபவம் மட்டும் நின்றது; எஞ்சியது மரபுவழி வாரிசு என்ற முறையில் விலக்கப்பட்ட மகனுக்கே உரியதாயிற்று. அதே உயிலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு விட்ட கொடையால் நிறுவப்பெற்ற தாகூர் சட்டச் சொற்பொழிவுகளே பின்னர் இந்துச் சட்ட ஆய்வின் முதன்மைக் களங்களுள் ஒன்றாயின.

சென்னை மாகாணத்தின் நிலை வேறு. 1829ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குமுறை, இந்துச் சட்டத்திற்கு இசைந்த அளவிலன்றி இந்துக்களின் உயில்களுக்கு வலிமை இல்லை என்றது. 1856இல் நாகலட்சுமி அம்மாள் வழக்கில் பிரிவி கவுன்சில் சென்னை இந்துக்களுக்கும் உயிலெழுதும் ஆற்றல் உண்டென ஏற்றது. எனினும் அவ்வாற்றல் தனிச் சொத்தின் அளவே நின்றது. பிரியாத பங்கைப் பற்றி 1874இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது நுட்பமானது: இறக்கும் அந்தக் கணத்தில் உயிலின் உரிமையும் எஞ்சி வாழும் பங்காளியின் உரிமையும் மோதுகின்றன, பங்காளியின் உரிமை முந்தியதாதலின் அதுவே வெல்லும். எழுதியவன் சாகும்போதே உயில் உயிர்பெறும்; அப்போது அதற்குக் கொடுக்கப் பொருள் இராது.

இவ்விதி நிலவுடைமைக் குடும்பங்களை அவ்வளவாக வருத்தவில்லை. ஊரைவிட்டுச் சென்று ஊதியம் ஈட்டியவர்களையே அது வருத்தியது. குடும்பப் பணத்தில் பயின்றவன் ஈட்டியதும் குடும்பத்தினதே என்பது வாதம். 1921இல் கோகல் சந்து வழக்கில் இந்தியக் குடிமைப்பணி அலுவலர் ஒருவரின் வருவாயையே பிரிவி கவுன்சில் கூட்டுச் சொத்து என்றது. அத்தகையோர் திடீரென இறந்தால் மனைவி மக்கள் பங்காளிகளின் கையை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. 1930ஆம் ஆண்டின் இந்துக் கல்வி வருவாய்ச் சட்டமே இதற்கு முடிவு கட்டியது.

இடைப்பட்ட காலத்தில் மக்கள் வேறு வழிகளை நாடினர். ஒன்று ஆயுள் காப்பீடு. மனைவி மக்கள் நலனுக்கென எடுத்த காப்பீட்டை அவர்களுக்குரிய நம்பிக்கைப் பொறுப்பாக்கிய 1874ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கும் பொருந்துமா என்ற ஐயம் 1923ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. சென்னையில் 1913 டிசம்பர் 31க்குப் பின்னும் பிற இடங்களில் 1923 ஏப்ரல் 1க்குப் பின்னும் எடுத்த காப்பீடுகள் அதனுள் அடங்கின. சென்னை இதில் ஏறத்தாழப் பத்தாண்டு முந்தி நிற்பது கருதத்தக்கது.

மற்றொன்று பிரிவினை அறிவிப்பு. பிரிய விரும்புகிறேன் என ஒரு பங்காளி ஐயத்திற்கிடமின்றி அறிவித்தாலே பிரிவு நிகழும் எனப் பிரிவி கவுன்சில் 1912, 1916ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் தெளிவாக்கிற்று. இதனால் நோய்ப்படுக்கையில் இருந்தவர்கள் ஒரு கையால் உயிலும் மறு கையால் பங்காளிகளுக்குப் பதிவஞ்சல் அறிவிப்பும் விடுக்கும் நிலை உண்டாயிற்று. அறிவிப்பு அஞ்சலில் செல்லும்போதே அனுப்பியவர் இறந்துவிட்டால் என் செய்வது என்ற வினாவும் நீதிமன்றம் ஏறியது. 1963இல் உச்ச நீதிமன்றம் ராகவம்மா வழக்கில், உயிலுக்குள் பிரிவை எழுதிவைத்தல் மட்டும் போதாது, பிற பங்காளிகள் அதனை அறிதல் வேண்டும் என்றது. வழக்குகளின் பெருக்கத்திற்குக் காரணம் மக்களின் வழக்காடும் இயல்பே என்று கூறுவோர் இத்தகைய உயில்களின் நிலையை எண்ணிப்பார்த்தல் நன்று.

எழுத்து வடிவமும் மெல்லவே ஒழுங்குபட்டது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளத்தின் கீழ்ப்பகுதிகளுக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்குமே உரியதாயிருந்தது. பிற இடங்களில் வாய்மொழி உயிலுக்கும் இடமிருந்தது. 1927 சனவரி 1 முதல் எழுதப்பெற்ற இந்து உயில்கள் அனைத்திற்கும் எழுத்தும் கையொப்பமும் இரண்டு சாட்சிகளும் இன்றியமையாதனவாயின. ‘பிறர் தூண்டுதலின்றி, நல்ல நினைவுடன்’ என்பது போன்ற வாய்பாடுகள் உயிலெழுத்தில் நிலைபெற்றிருப்பதற்கு, எழுதியவரை மீண்டும் கேட்டறிய இயலாமையே காரணம் எனலாம்.

கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் வாழ்நாள் உரிமையை 1937ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. பிரியாத பங்கையும் உயிலால் கொடுக்கலாம் என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு கூறியபோது 1874ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வலிமை குன்றியது. உயிலெழுதாது இறந்தோர் பங்கு பங்காளிகளைச் சாரும் விதியும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று.

இன்று ஐயத்திற்குக் காரணமாவது நியமனம். வங்கிப் படிவத்திலும் காப்பீட்டுப் படிவத்திலும் ஒருவர் பெயரை எழுதிவிட்டால் உயில் வேண்டுவதில்லை எனப் பலர் கருதுகின்றனர். காப்பீட்டுத் தொகையில் நியமனம் பெற்றவர் அதனைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று 1983இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரை நியமித்தால் தொகை அவர்களுக்கே உரியது எனக் காப்பீட்டில் விதி செய்தது. நிறுமப் பங்குகளில் நியமனம் உரிமையாகாது என்பதை 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று மீண்டும் உறுதிசெய்துள்ளது.