கவுண்டர் 'கோவெண்டர்' ஆன வரலாறு

தென்னாப்பிரிக்காவில், சிறப்பாக டர்பன் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், இந்திய வம்சாவளியினரிடையே பெருவழக்காக உள்ள குடும்பப் பெயர்களுள் ஒன்று 'கோவெண்டர்'. கோவிந்தன் என்பதன் திரிபோ என முதற்பார்வையில் தோன்றும். உண்மையில் அது தருமபுரிப் பகுதியில் நாள்தோறும் நம் செவியில் விழும் 'கவுண்டர்' என்னும் சொல்லே. முதலியார் 'மூட்லி' ஆனதும் இவ்வாறே. 'கவுண்டன்' என்பது 'கவுண்டென்' என மற்றொரு குடும்பப் பெயராயிற்று. நம் மொழியில் மரியாதையை மட்டுமே வேறுபடுத்தும் ஒரு விகுதி, அங்கே இரு வேறு குடும்பப் பெயர்களைத் தோற்றுவித்துவிட்டது.

இச்சொல் தொடக்கத்தில் சாதியைக் குறித்ததன்று. கன்னடக் கல்வெட்டுகளில் 'காவுண்ட' என வருவது ஊர்த்தலைவரைச் சுட்டும் பதவிப்பெயர். கொங்குக் கல்வெட்டுகளில் 'காமிண்டன்' என்ற வடிவம் காணப்படுகிறது. பதவி நாளடைவில் பட்டமாயிற்று. பட்டம் பல சமூகங்களுக்கும் பரவிற்று. இன்று தருமபுரி மாவட்டத்தில் மட்டும் வன்னியர், கொங்கு வேளாளர், குறும்பர், சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் எனப் பலரும் இப்பட்டத்திற்கு உரியவர்களே.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965இல்தான் தனி மாவட்டமாயிற்று. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டன. தமிழருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. தந்தை பெயரே மகனுக்கு முன்னெழுத்து. ஆங்கில ஆட்சியின் பதிவேடுகளோ மாறாத குடும்பப் பெயரை எதிர்பார்த்தன. சிலருக்குத் தந்தை அல்லது பாட்டன் பெயர் அவ்வாறு நிலைத்தது. முனுசாமி 'மூன்சாமி' ஆனது அப்படித்தான். சிலருக்குப் பட்டப்பெயர் நிலைத்தது.

தாயகத்திலோ எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் பட்டத்தைக் கையொப்பத்தில் சேர்ப்போர் மிகக் குறைவு. அங்கோ தமிழ் பேச அறியாதவரும், கிறித்தவ சமயம் தழுவியவரும் அப்பெயரைத் தாங்குகின்றனர். நாடக ஆசிரியர் ரோனி கோவெண்டரால் (1934-2021) அது தென்னாப்பிரிக்க இலக்கியத்திலும் இடம்பெற்றது.

மூதாதையரின் ஊரைத் தேடி இங்கு வருவோரிடம் நாம் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்தக் கவுண்டர்?" என்பதே. அக்கேள்வி அவர்களை எங்கும் கொண்டுசேர்க்காது. அப்பெயரில் ஊரும் இல்லை, தந்தையும் இல்லை. கப்பல் எண்ணையும், பட்டியலில் உள்ள ஊர்ப்பெயரையுமே கேட்க வேண்டும். ஆங்கில எழுத்தர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதிவைத்த ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்து, இன்ன ஊர் என்று அடையாளம் காட்ட உள்ளூர்க்காரர் ஒருவரால்தான் இயலும். நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி அதுவே.