பெயர்ச்சி விதிகளும் மலைநாட்டு மக்களும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டு நானுஓயாவை எட்டிற்று. தலவாக்கலையைக் கடந்து செல்லும் அப்பாதையில் வட்டகொடை ஒரு நிலையமாகும். அதே ஆண்டிலே இலண்டன் புள்ளிவிபரக் கழகத்தில் ரேவன்ஸ்டைன் என்னும் புவியியலறிஞர் குடிப்பெயர்ச்சி விதிகளை எடுத்துரைத்தார். பிரித்தானியக் குடிசனமதிப்பில் மக்கள் பிறந்த இடமும் எண்ணப்பட்ட இடமும் பதியப்பட்டிருந்தன. இரண்டையும் ஒப்பிட்ட அவர், பெயர்வோருட் பெரும்பாலார் குறுந்தொலைவே செல்வர் எனவும், ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் எதிர்ப்பெயர்ச்சி உண்டு எனவும் துணிந்தார்.

இத்தகைய கருத்தை 1946இல் அமெரிக்க அறிஞர் ஸிப் சூத்திரமாக அமைத்தார். இரு நகரங்களின் குடித்தொகைகளைப் பெருக்கித் தொலைவால் வகுக்க வரும் ஈவிற்கேற்ப அவற்றிடையே மக்கள் பெயர்வர் என்பது அதன் சாரம். குடித்தொகை இரட்டித்தாற் பெயர்ச்சி இரட்டிக்கும். தொலைவு இரட்டித்தாற் பாதியாகும். புவியீர்ப்பு விதியை ஒருவாறு ஒத்தலின் இவ்வகைச் சூத்திரங்கள் ஈர்ப்பு மாதிரி எனப் பெயர் பெற்றன.

இம்மாதிரியை மலைநாட்டிற்குப் பொருத்தி நோக்குதல் பயன்தரும். 1981ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் மக்களும், வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ 95,000 மக்களும் வாழ்ந்தனர். வட்டகொடைக்கு வவுனியா கொழும்பினும் அண்மையிலுள்ளதன்று. எனவே, சூத்திரப்படி கொழும்பை நாடியோர் வவுனியாவை நாடியோரினும் பதினேழு மடங்கிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆயின், 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டோர் கொழும்பு மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். வவுனியாவிலோ ஐவருள் ஏறத்தாழ ஒருவர். தலைக்கணக்கில் இரு தொகைகளும் பெரிதும் வேறுபடவில்லை. இது பிறப்பிடக் கணக்கன்று, இனக்கணக்கே. பதியப்பட்டோர் அனைவரும் பெயர்ந்து வந்தோருமல்லர். ஆயினும், மக்கள் சென்ற திசையை அறிய இது போதும்.

இவ்வேறுபாட்டின் காரணம் குடித்தொகையிலோ தொலைவிலோ இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1970களின் முற்பாதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான காலத்திற் பலர் வாழ்வாதாரம் இழந்தனர். 1977ஆம் ஆண்டு வன்செயல் எஞ்சிய நம்பிக்கையையும் குலைத்தது. அச்சமுற்ற குடும்பங்கள் வன்னிக் காடுகளை வெட்டிக் குடியேறின. கூலி மிகுதி அவர்களை அங்கு ஈர்க்கவில்லை. தம்மொழி பேசுவோரிடையே அச்சமின்றி வாழலாம் என்னும் எண்ணமே ஈர்த்தது. 1966இல் லீ என்னும் அறிஞர் உந்துவிசை, ஈர்ப்புவிசை, இடைத்தடை என வகுத்தனவற்றுள், ஈண்டு உந்துவிசையே மேலோங்கி நின்றது.

எண்ணுதற்குரிய பெயரும் நிலையானதன்று. 2012ஆம் ஆண்டுக் கணக்கில் வவுனியாவில் 'இந்தியத் தமிழர்' நூற்றுக்கு ஒருவரினும் குறைந்தனர். போரும் இடப்பெயர்வும் ஒருபுறமிருக்க, பலர் தம்மை 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்தமையும் இதற்குக் காரணமாகும். மனிதர் அங்கேயே இருக்க, அட்டவணையில் நிரல் மாறியது. அட்டவணையை மட்டும் காண்போர், நிகழாத பெயர்ச்சியொன்றை நிகழ்ந்ததாகக் கொள்ளவுங்கூடும்.

இவற்றால் சூத்திரம் பயனற்றதெனல் பொருந்தாது. இயல்பான காலத்தில் மக்கள் எவ்வாறு பெயர்வர் என்பதை அது காட்டுகின்றது. கணித்த எண்ணும் கண்ட எண்ணும் மாறுபடுமிடத்து, அம்மாறுபாட்டைப் பிழையென ஒதுக்காது காரணம் வினவுதலே வரலாற்று மாணவர் கடனாகும்.