கடன் உருவாக்கத்தின் எல்லைகள்

வணிக வங்கி கடன் தரும்போது பெரும்பாலும் ரொக்கத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. கடன் வாங்கியவரின் கணக்கில் தொகையை வரவு வைக்கிறது. அந்த வரவே புதிய வைப்பு, புதிய பணம். இந்த ஆற்றலுக்குக் கடிவாளமிடும் காரணிகளைக் கடன் உருவாக்கத்தின் எல்லைகள் என்பர்.

இந்தியாவில் முதலில் சொல்லப்படுவது ரொக்க இருப்பு விகிதம். 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி, வங்கிகள் தம் வைப்புகளில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் வைத்திருக்க வேண்டும். இப்போது அதற்கு வட்டி கிடையாது. ஒரு வங்கி தந்த கடன் இன்னொரு வங்கியில் வைப்பாகி மீண்டும் கடனாகும் சங்கிலியில், விகிதம் 10% எனில், 1,000 ரூபாய் ரொக்க வைப்பு 10,000 ரூபாய் வைப்பாகப் பெருகலாம் என்பது பாடநூல் கணக்கு. நடைமுறையில் அந்த உச்சம் எட்டப்படுவதில்லை. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்று கடன் தொகையிலிருந்து வாரக்கூலியை ரொக்கமாகப் பட்டுவாடா செய்தால், அதில் மக்கள் கையிலேயே தங்கும் பங்கு எந்த வங்கிக்கும் திரும்புவதில்லை. சங்கிலி அங்கே சுருங்குகிறது.

1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் இன்னொரு வேலி போட்டது: சட்டபூர்வ நீர்மை விகிதம். வைப்பில் ஒரு பகுதியை அரசுக் கடன் பத்திரம், தங்கம் போன்றவற்றில் முடக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இது 38.5%, ரொக்க இருப்பு 15%. வைப்பில் பாதிக்கு மேல் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் எட்டாமல் போனது. நிதித்துறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த நரசிம்மம் குழு 1991இல் இந்த விகிதங்களைக் குறைக்கச் சொன்னது மிகச் சரியான பரிந்துரை. 2020 முதல் நீர்மை விகிதம் 18%.

உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்ட 2016 பணமதிப்பு நீக்கத்தின்போது வங்கிகளில் வைப்பு வெள்ளமாகப் புகுந்தது. 2016 செப்டம்பர் 16 முதல் நவம்பர் 11 வரை கூடிய வைப்பு முழுவதற்கும் 100% கூடுதல் ரொக்க இருப்பு கேட்டது ரிசர்வ் வங்கி. அந்தத் தொகையைக் கொண்டு ஒரு ரூபாய்கூடக் கடன் தர வழியில்லை. டிசம்பர் 10ஆம் தேதி தொடங்கிய இருவாரத்தில் அந்த ஆணை விலக்கப்பட்டது.

இன்று இந்த விகிதங்களைவிட இறுக்கமான எல்லை மூலதனம். வங்கிகளுக்கான பன்னாட்டு விதிகளான பாசல் நெறிகள், கடன் முதலிய சொத்துகளை அவற்றின் இடருக்கேற்ப எடையிட்டு, அந்தத் தொகைக்கு 8% மூலதனம் கேட்கின்றன. இந்தியா 9% கேட்கிறது, பாதுகாப்பு இருப்பையும் சேர்த்தால் 11.5%. வாராக்கடன் பெருகினால் இழப்பு மூலதனத்தைத் தின்கிறது. 2018இல் பொதுத்துறை வங்கிகள் பல, வைப்பு குவிந்திருந்தும் நலிந்த வங்கிகள்மீது ரிசர்வ் வங்கி எடுக்கும் உடனடித் திருத்த நடவடிக்கைக்கு உள்ளாகிக் கடன் வழங்கலைச் சுருக்க வேண்டியிருந்தது.

கடன் கேட்டு வருபவரும் வேண்டும். 2020இல் ரொக்க இருப்பு 3 விழுக்காட்டுக்கும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுங்காலக் கடனின் வட்டியான ரெப்போ 4 விழுக்காட்டுக்கும் இறங்கின. ஆனால் கொரோனா பெருந்தொற்றில் சந்தை உறைந்திருந்ததால் தொழில் நடத்துவோர் புதுக் கடனுக்குத் தயங்கினர். வங்கிகளும் தரத் தயங்கின. பல லட்சம் கோடி ரூபாய், வங்கிகள் தம் உபரியைக் குறுகிய காலத்துக்கு ஒப்படைக்கும் ரிவர்ஸ் ரெப்போ வழியாக, ரிசர்வ் வங்கியிடமே போய்ச் சேர்ந்தது.