பால் கறையும் வெள்ளைச் சட்டையும்

றப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் போகாது. எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாமல், நாளாக நாளாகக் கறுக்கும். தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த எமக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பால் வெட்டப் போன அம்மாமார் சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டது அதனால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த எமது பூட்டிமார் ஊர்ச் சேலையோடு வந்தார்கள். இங்கே கொடுத்த கம்பளிகூட இனாமல்ல. விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். அதன்பின் அவர்கள் எதை உடுத்துவது என்பதைத் தீர்மானித்தவர்கள் எங்கோ இருந்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் றப்பர் விலை விழுந்ததால், 1934இல் சர்வதேச உடன்படிக்கை ஒன்று றப்பர் உற்பத்தியை மட்டுப்படுத்தியது. அதே ஆண்டு, பிரித்தானிய ஆலைகளைக் காப்பதற்காக, இலங்கைக்கு வந்த மலிவான ஜப்பானியத் துணிக்கு லண்டன் கோட்டா விதித்தது. அரசாங்க சபை மறுத்தும் பயனில்லை. கையில் காசு குறைந்த நேரத்தில் மலிவுத் துணியும் குறைந்தது. வரலாற்றுப் பாடத்தில் இதை நாம் படித்ததில்லை.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் பொலியெஸ்டர் சேலைகள் வந்தன. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போன தாய்மாரின் பெட்டிகளில் மினுமினுக்கும் கவுன்கள் வந்தன. தாய் திரும்பும்போது கவுன் பெரும்பாலும் பிள்ளைக்குச் சிறிதாகிவிட்டிருக்கும்.

அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 1993இல்தான். அதுவரை எம்மில் பலருக்கு ஒரே வெள்ளைச் சட்டை. எங்கள் ஊர் மழையில், இரவு தோய்த்ததை அடுப்படியில் காயவைத்து, புகை மணத்தோடு உடுத்திப் போனோம். பள்ளிக்குப் போகுமுன் தாய்க்குப் பால் வாளி தூக்கிக்கொடுத்த தோழி ஒருத்தியின் சட்டையில் பால் கொட்டிவிட்டது. ஒரு வாரம் வரவில்லை. பிறகு வரவேயில்லை.

1990களின் இறுதியில் அவிசாவளையில் சீத்தாவாக்கை ஏற்றுமதி வலயம் திறக்கப்பட்டபோது அவளும், ஓ.எல்.லோடு நின்ற இன்னும் பலரும் தையல் இயந்திரத்துக்கு முன் உட்கார்ந்தார்கள். அவர்கள் தைத்தவை கப்பலேறின. கழித்துவிட்டவை றிஜெக்ட் கடைக்கு வந்தன. கெம்பஸ் போன நாம் அவற்றைத்தான் வாங்கி உடுத்தோம். யார் தைத்தது என்று அன்று யோசித்ததில்லை.

1952இல் எமது றப்பர் சீனாவுக்குப் போய், அரிசி இங்கு வந்தது. 2023இல் பாடசாலைச் சீருடைத் துணியில் பெரும்பகுதி சீனாவின் நன்கொடை.

நூற்றாண்டு விழாவுக்கு எல்லோரும் ஒரே நிறச் சேலை என்ற பேச்சு வந்தது. எம்மில் சிலர் வேண்டாமென்றோம். அந்தத் தோழிக்கும் அழைப்பிதழ் போயிருக்கிறது. இருக்கிற உடுப்போடு வரலாமென்று அதில் எழுதியிருக்கிறோம்.