ஒரே வகுப்பில் முப்பது ஆண்டுகள்: 'கிரேன்ஜ் ஹில்' தொடரும் அதன் நினைவைக் காப்பவர்களும்

இங்கிலாந்தின் பள்ளி வாழ்க்கையை இந்திய வாசகர் பெரும்பாலும் எனிட் பிளைட்டனின் கதைகள் வழியாகவே அறிந்திருக்கிறோம். விடுதிப் பள்ளி, நள்ளிரவு விருந்து, கண்டிப்பும் கனிவும் கலந்த தலைமையாசிரியை என்பன அக்கதைகளின் மாறாத கூறுகள். பிபிசி தொலைக்காட்சியும் நெடுங்காலம் இதே உலகையே காட்டியது. 1952 முதல் 1961 வரை ஒளிபரப்பான பில்லி பன்ட்டர் தொடரும், 1971இல் வந்த 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல்டேஸ்' தொடரும் விடுதிப் பள்ளிக் கதைகளே. நாட்டின் பெரும்பான்மைப் பிள்ளைகள் பயின்ற பள்ளி திரையில் அரிதாகவே இடம்பெற்றது.

1978 பிப்ரவரி 8ஆம் நாள் தொடங்கிய 'கிரேன்ஜ் ஹில்' இந்த நிலையை மாற்றியது. லிவர்பூல் வட்டாரத்தில் வளர்ந்து, 'காம்ப்ரிஹென்சிவ்' எனப்படும் பொதுப்பள்ளியில் பயின்ற பில் ரெட்மண்ட் இதனை உருவாக்கினார். பதினொரு வயதுத் தேர்வால் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறையைக் கைவிடுமாறு 1965இல் பிரிட்டிஷ் அரசு உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. அதன் விளைவாகப் பெருகிய பொதுப்பள்ளிகளில் ஒன்றாக, வட லண்டனைச் சார்ந்த கற்பனைப் பள்ளியாகக் கிரேன்ஜ் ஹில் அமைந்தது. ஒன்பது பகுதிகளோடு தொடங்கிய இத்தொடர் 2008 செப்டம்பர் 15 வரை, 31 பருவங்களாக 601 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று.

மொழியியல் நோக்கில் இத்தொடர் தனித்த கவனத்திற்குரியது. லண்டன் உழைக்கும் வர்க்கத்தின் பேச்சு குழந்தைகள் நிகழ்ச்சியின் மைய மொழியாக இதில் ஒலித்தது. சொல் முதலில் வரும் ஹகரத்தை விழுங்குதல், சொல்லிடை டகரத்தைக் குரல்வளைத் தடையொலியாக்குதல் முதலியன குறும்புக்காரப் பாத்திரங்களின் அடையாளமாக மட்டும் நில்லாமல், கதைத்தலைவர்களின் இயல்பான பேச்சாயின. ஆயினும் மாலை நேரக் குழந்தைகள் ஒளிபரப்பில் வசைச்சொற்களுக்கு இடமில்லை. அதனால் 'ஃப்ளிப்பின் ஹெக்' போன்ற இடக்கரடக்கல்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பள்ளி முற்றத்தின் மெய்யான பேச்சுக்கும் ஒளிபரப்பு நெறிக்கும் இடையே எட்டப்பட்ட உடன்பாடே இத்தொடரின் மொழி. அந்த உடன்பாட்டையும் ஏற்காத பெற்றோர் பலர் இருந்தனர். புகார்கள் பெருகவே, இரண்டாம் பருவத்திற்குப் பின் தொடரின் கடுமையைச் சற்றுத் தணிக்க வேண்டிய நெருக்கடி ரெட்மண்டுக்கு ஏற்பட்டது.

இத்தொடரின் அமைப்பு முறையும் நோக்கத்தக்கது. பாத்திரங்கள் முதலாம் ஆண்டில் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிப் பள்ளியை விட்டு வெளியேறினர். புதிய அணி உள்ளே வந்தது. டக்கர் ஜென்கின்ஸாக நடித்த டாட் கார்ட்டி, பென்னி கிரீனாக நடித்த டெர்ரி சூ-பாட், சூசன் ராஸாக நடித்த சூசன் டல்லி ஆகியோர் தம்மைப் பார்த்த பிள்ளைகளோடு ஏறத்தாழ ஒரே வயதில் வளர்ந்தனர். திரைநட்சத்திரத்தை ரசிகர் அண்ணாந்து பார்ப்பது வழக்கம். இங்கே அவ்வாறன்று. ரசிகர் நடிகரைத் தம் வகுப்புத் தோழராகவே கருதினர். நடுவயது கடந்த ரசிகரும் முன்னாள் நடிகரும் சந்திக்கையில் அது பழைய மாணவர் கூட்டத்தின் சாயலைப் பெறுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

இந்தத் தோழமைக்கு ஒரு விலையும் உண்டு. 1986இல் ஒளிபரப்பான பருவத்தில் ஸாம்மோ மெக்குவைர் என்னும் மாணவன் ஹெராயினுக்கு அடிமையாகிறான். அப்பாத்திரத்தை ஏற்றவர் லீ மெக்டொனால்ட். அதனையொட்டி நடிகர் குழு பாடிய 'ஜஸ்ட் சே நோ' பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது. அமெரிக்காவில் அதே முழக்கத்தோடு இயக்கம் நடத்திய நான்சி ரீகனின் வெள்ளை மாளிகைக்கும் அக்குழு சென்றது. பிற்காலத்தில் மெக்டொனால்ட் தென் லண்டனில் பூட்டு, சாவிக் கடை நடத்தினார். மீண்டும் நடிக்கவும் வந்தார். எனினும் செய்தித் தலைப்புகளில் அவர் இன்றும் 'ஸாம்மோ'வாகவே இருக்கிறார்.

பெரியவர்கள் நிலை இதனின் வேறு. மிஸ்டர் பிரான்சனாக நடித்த மைக்கேல் ஷெர்ட், அதற்கு முன்பே 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' உட்படப் பல படங்களில் நடித்திருந்தார். பிரான்சன் என்ற பெயரைத் தம் நினைவுநூலின் தலைப்பிலேயே அவர் விருப்பத்தோடு சூட்டிக்கொண்டார். பாத்திரப் பெயரை ஏற்பதும் கழற்றி வைப்பதும் அவர் கையில் இருந்தன. பதினான்கு, பதினைந்து வயதில் பாத்திரப் பெயர் ஒட்டிக்கொண்டவருக்கு அத்தெரிவு எளிதன்று. அவருடைய சொந்தப் பெயர் பொதுவெளியில் நிலைபெறும் முன்பே மற்றொரு பெயர் அவ்விடத்தைப் பிடித்துவிடுகிறது.

பிரிட்டனில் குழந்தை நடிகருக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டமும் 1968ஆம் ஆண்டு விதிகளும் பாதுகாப்பு அளித்தன. உள்ளாட்சி உரிமம், வேலைநேர வரம்பு, கல்விக்கான ஏற்பாடு என்பன அவற்றின் உள்ளடக்கம். பள்ளி மாணவராக நடிப்பதற்காகத் தம் பள்ளியை விட்டு வந்த பிள்ளைக்குப் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடம் நடத்த வேண்டியிருந்தது என்பது இதிலுள்ள முரண். இவ்விதிகள் வேலைக்காலத்தைக் காத்தன. வேலை முடிந்தபின் பல பத்தாண்டுகள் நீளும் நினைவின் சுமைக்கு எந்த விதியும் இல்லை.

இனி, வரலாற்றுச் சான்று பற்றிய கேள்விக்கு வருவோம். அன்றாடப் பள்ளி வாழ்க்கை அரசு ஆவணங்களில் குறைவாகவே பதிவாகிறது. சீருடைக்கு எதிரான மாணவர் போராட்டம், கிரிப்பர் ஸ்டெப்சன் என்னும் மாணவனின் இனவெறிக் கொடுமைகள், உருவத்தால் கேலிக்கு ஆளான ரோலண்ட் பிரௌனிங்கின் தனிமை ஆகியவற்றை இத்தொடர் காட்டியது. அவை தம் பள்ளியிலும் நிகழ்ந்தன என்று ரசிகர் நினைவுகூர்கையில், புனைவு வாய்மொழி வரலாற்றின் திறவுகோலாகிறது. ரசிகர்கள் சேர்த்துவைத்த ஒளிப்பேழைப் பதிவுகள், இதழ்த் துணுக்குகள், பாத்திரப் பட்டியல்கள் ஆகியனவும், முன்னாள் நடிகரின் நேர்காணல்களும் ஆய்வாளருக்குப் பெரும் கொடை.

ஆனால் அக்கொடையைச் சோதித்தே ஏற்றல் வேண்டும். பொது நினைவு டக்கர் முதல் ஸாம்மோ வரையிலான முதல் பத்தாண்டையே சுற்றி வருகிறது. அடுத்த இருபது ஆண்டுகள் மங்கலாகவே உள்ளன. 2003இல் தயாரிப்பு லிவர்பூலுக்கு மாறியது. பள்ளியின் லண்டன் அடையாளம் பின்னுக்குச் சென்றது. 2008இல், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கி பிபிசியின் குழந்தைகள் பிரிவு திரும்பியபோது தொடர் நிறுத்தப்பட்டது. இறுதிப் பகுதியிலும் பழைய டக்கரே மீண்டும் வந்தார். பொது நினைவு எந்தத் தலைமுறையின் கையில் இருக்கிறது என்பதை அவ்வருகையே உணர்த்தியது. 1998இல் பள்ளி மாணவராக இருந்தவரின் கிரேன்ஜ் ஹில்லை நாம் இன்னும் போதிய அளவு கேட்கவில்லை.

ஆகவே, ஊடக வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவ நண்பர்களுக்கு இரண்டு கருத்துகளை முன்வைக்கிறேன். ஒன்று, ரசிகர் நினைவைச் சான்றாகக் கொள்ளும்போது நினைவுகூர்வோரின் வயதையும் அவர்கள் பார்த்த ஆண்டையும் தவறாது குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறையின் ஏக்கம் ஒரு தொடரின் முழு வரலாறு ஆகாது. மற்றொன்று, முன்னாள் குழந்தை நடிகரை நேர்காணும்போது முதற்கேள்வியைப் பாத்திரத்தைப் பற்றி அமைக்காதீர்கள். படப்பிடிப்பு நாளில் எத்தனை மணிக்கு எழுந்தார், யார் பாடம் சொல்லிக்கொடுத்தார், திரும்பிச் சென்றபோது சொந்த வகுப்பில் அவருக்கு என்ன இடம் இருந்தது என்று கேளுங்கள். திரையில் பள்ளி வாழ்க்கையை நடித்துக் காட்டியவரின் சொந்தப் பள்ளி வாழ்க்கை அங்கிருந்துதான் தெரியவரும்.